துளை போடாமல், ஓடிக்கொண்டிருக்கும் மீன்தொட்டிக்குச் சம்ப் வைக்க முடியுமா?

கேள்வி: வீட்டில் நாலடித் தொட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, மீன்களும் இருக்கின்றன. கண்ணாடியில் துளை போடாமல் கீழே ஒரு சம்ப் (தண்ணீரை வடிகட்டி மோட்டாரால் மேலே திருப்பி அனுப்பும் இரண்டாவது தொட்டி) வைக்கலாமா? கரண்ட் போனால் வீடு வெள்ளக்காடாகிவிடாதா?

தாராளமாக வைக்கலாம். காரைக்குடியில் எங்கள் வீட்டுத் தொட்டி அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விதான் முதலில் பார்க்க வேண்டியது. துளையில்லாமல் மேல் தொட்டித் தண்ணீரைச் சம்புக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோ அமைப்புகள் எல்லாமே சைஃபனை நம்பி நிற்பவை. பைக்கில் டியூப் விட்டுப் பெட்ரோல் எடுக்கிற அதே சங்கதி, நடுவில் காற்று புகுந்தால் நின்றுவிடும். அதனால் "நிற்கவே நிற்காது" என்று கடையில் சொல்வதை விட்டுவிட்டு, நின்றுபோனாலும் ஒரு சொட்டு தரையில் சிந்தாதபடி அளவு போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் இது சும்மா பயமில்லை. தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சுடாத சிமெண்ட் கல். தண்ணீர் தேங்கினால் குடிக்கும், போர் தண்ணீராக இருந்தால் வெள்ளை பூத்துப்போகும். அப்புறம் அப்பத்தாவுக்குப் பதில் சொல்லி மாளாது.

கணக்கு இரண்டு. முதலாவது, கரண்ட் போனால் மேலிருந்து எவ்வளவு இறங்கும் என்பது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள தொட்டியில் ஒரு அங்குலத் தண்ணீர் என்றால் சுமார் 14 லிட்டர். ஒன்றரை அங்குலம் இறங்கினால் 21 லிட்டர், குழாயில் இருப்பது அதற்கு மேல் கொஞ்சம். மூன்றடி நீளம், 15 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் சம்ப் செய்து, ஓடும்போது 9 அங்குலத்துக்கு மேல் நிரப்பாமல் விட்டால் கிட்டத்தட்ட 50 லிட்டர் இடம் காலியாக இருக்கும். போதும்.

இரண்டாவது கணக்கைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சைஃபன் அறுந்து மோட்டார் மட்டும் ஓடினால்? சம்பில் மோட்டார் இருக்கும் கடைசி அறையிலுள்ள தண்ணீர் முழுக்க மேலே ஏறும். அந்த அறையைச் சின்னதாக வையுங்கள். 12க்கு 15 அங்குல அறையில் மோட்டார் வாய்க்கு மேலே 4 அங்குலத் தண்ணீர் என்றால் 12 லிட்டர்தான். மேல் தொட்டியில் ஒரு அங்குலம்கூட உயராது. விளிம்புக்குக் கீழே ஒன்றரை அங்குலம் காலியாக இருந்தால் வழியாது. மோட்டார் காய்ந்து ஓடிக் கெட்டுப்போகலாம். போகட்டும், தரை தப்பித்தது.

இனி ஓவர்ஃப்ளோ. ரெடிமேடாக அக்ரிலிக் பெட்டி கிடைக்கிறது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் கவிழ்த்த 'ப' மாதிரி ஒரு குழாய். பிவிசியில் நாமே செய்வது செலவு குறைவு: உள்ளே தண்ணீர் மட்டத்தில் மேல்நோக்கித் திறந்த வாய், அங்கிருந்து கீழே இறங்கி வளைந்து ஏறி விளிம்பைத் தாண்டி, வெளியே இறங்கி மறுபடி வளைந்து ஏறி ஒரு டீ (மூன்று வாயுள்ள 'T' இணைப்பு), டீயிலிருந்து சம்புக்கு. கரண்ட் போனால் தண்ணீர் உள்வாய் மட்டத்தில் நின்றுவிடும். இரண்டு வளைவுகளிலும் தண்ணீர் தங்குவதால் காற்று புகாது, கரண்ட் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும். டீ, உள்வாயைவிட ஒரு அங்குலம் தாழ இருக்கட்டும். வளைவுகளின் அடி அதற்கும் நாலைந்து அங்குலம் கீழே போகட்டும். டீயின் மேல்வாயைச் சத்தம் வருகிறதே என்று மூடிவிடாதீர்கள். மூடினால் சம்ப் வரைக்கும் ஒரே சைஃபனாகி, உள்ளே இருக்கிற தண்ணீரையும் இழுத்துக்கொண்டு அறுந்துவிடும். விளிம்பைத் தாண்டும் பகுதியின் இணைப்புகளுக்கு மட்டும் சால்வெண்ட் (பிவிசி பசை) போட்டால் போதும். சம்புக்கு இறங்குவதைச் செருகியே வையுங்கள், கழற்றிக் கழுவலாம்.

என்னைக் கேட்டால் ரெடிமேட் பெட்டிதான். காரணம், உச்சியில் சேரும் காற்றுக் குமிழி அதில் கண்ணுக்குத் தெரியும். பிவிசியில் தெரியாது, ஓட்டம் குறைந்த பிறகுதான் புரியும். எதுவானாலும் உச்சியில் ஒரு ஏர் டியூப் பொருத்தி வைத்தால் உறிஞ்சிக் காற்றை எடுத்துவிடலாம். பாதுகாப்புக்கு இரண்டு ஓவர்ஃப்ளோ வைக்கச் சொல்வார்கள். ஓட்டம் இரண்டாகப் பிரிந்து வேகம் குறைந்தால் குமிழி இன்னும் எளிதாகத் தேங்கும். நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

மோட்டார் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு உயரமே இல்லாத நிலைக்கானது. நாலடி ஏற்றினால் நிறையக் குறையும். சம்பிலிருந்து மேலே வரும் ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்கட்டும். ஆழமாக விட்டால் கரண்ட் போனதும் அதன் வழியாகவும் தண்ணீர் திரும்பி இறங்கும். தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வை நம்ப வேண்டாம், உப்புத் தண்ணீரில் சீக்கிரமே காறை பிடித்து மூடாமல் நிற்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட்டை நிறுத்துகிற நாளுக்கு மோட்டாரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். 30 வாட் மோட்டார் 8 மணி நேரம் ஓடினால் கால் யூனிட்கூட ஆகாது. சைன் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் மோட்டார் உறுமாது.

சம்ப் வைத்தால் தண்ணீர் ஆவியாவது கூடும், சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். ஆவியாகிறது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைவதைப் போர் தண்ணீரால் ஈடுகட்டினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆர்ஓ தண்ணீரோ மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். வளவு முற்றத்தில் அண்டா வைத்து மழை பிடிக்கிற வீடாக இருந்தால் உங்களுக்கு யோகம். முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள், ஓட்டுத் தூசியெல்லாம் அதோடு வரும்.

சம்ப் ஓடத் தொடங்கியதும் பழைய ஃபில்டரைக் கழற்றிவிடாதீர்கள். மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா அந்தப் பழைய ஸ்பாஞ்சில்தான் இருக்கிறது. ஒன்றரை மாதம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். பிறகு அந்த ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாமல் அப்படியே சம்புக்குள் போடுங்கள். அந்த நாட்களில் சரளைக் கல்லையும் கிளற வேண்டாம்.

கப்பி மாதிரிச் சின்ன மீன் இருந்தால் ஓவர்ஃப்ளோ வாய்க்குப் பரப்பு அகலமான வலை போடுங்கள். பரப்பு குறுகலான வலை ஒரே இலையில் அடைத்துக்கொள்ளும். எல்லாம் பொருத்தியதும் வீட்டில் ஆள் இருக்கும் ஒரு பகலில் ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். பிறகு மோட்டார் ஓடும்போதே ஏர் டியூபைத் திறந்து சைஃபனை வேண்டுமென்றே அறுத்துப் பாருங்கள். இரண்டிலும் தரை காய்ந்திருந்தால் ஊருக்குக் கிளம்பலாம்.