ஏழாம் பக்கத்தில் கிடக்கும் தோல் பை

கேள்வி: இணையச் சந்தை ஒன்றில் தோல் பைகளை விற்று வருகிறேன். ‘அழகிய, நேர்த்தியான, தரமான பை’ என்று தலைப்பிட்டும், தேடினால் ஏழாம் பக்கத்தில்தான் தென்படுகிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டாமல் முன்னேற வழியுண்டா?

பதில்: உண்டு. முதலில் அந்தத் தலைப்பை மாற்றுங்கள். நீங்கள் சூட்டிய மூன்று அடைமொழிகளையும் தேடுபெட்டியில் தட்டச்சு செய்வோர் அரிது. ‘15 அங்குல மடிக்கணினிக்கான பழுப்புத் தோல் பை’ என்பது போலத்தான் தேடுவார்கள். பொதுவாகத் தேடுபொறி, முதலில் சொற்கள் பொருந்தும் பொருள்களைத் திரட்டி, பின்னர் அவற்றுள் எதை மக்கள் சொடுக்குகிறார்கள், சொடுக்கியவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பனவற்றையும் கணக்கில் கொண்டு வரிசைப்படுத்துகிறது. ஆகவே தொடர்பில்லாத சொற்களைத் திணித்துக் கூட்டம் சேர்த்தால், வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பும்போது உங்கள் இடம் மேலும் சரியக்கூடும்.

நிறம், அளவு, மூலப்பொருள் ஆகிய விவரக் கட்டங்களைப் பலர் சோம்பலால் காலியாக விடுகிறார்கள். வாங்குபவர் ‘பழுப்பு’ என்று வடிகட்டியவுடன், நிறம் குறிக்கப்படாத பழுப்புப் பை பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். எட்சி போன்ற தளம் 13 குறிச்சொற்களுக்கு இடம் தருகிறது என்றால், பதின்மூன்றையும் வெவ்வேறு சொற்றொடர்களால் நிரப்புங்கள். ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பி எழுதுவது வீண். கையிருப்பு தீராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிசு கொடுத்து மதிப்புரை வாங்கும் எண்ணமிருந்தால் கைவிடுங்கள். அமேசான் 2016-இலேயே அதைத் தடைசெய்துவிட்டது. தலைப்பையும் படத்தையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினால்தான், எது பலன் தந்தது என்பது உங்களுக்குத் தெரியவரும்.