பாக்ஸை மாற்றிக் கொடுத்தார்கள், பதிவு செய்ததெல்லாம் போய்விட்டதே!

கேள்வி: நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. விட்டுப்போகும் நிகழ்ச்சிகளைப் பிறகு பார்க்கலாம் என்று சென்ற தீபாவளிக்கு முன் ஒரு டீலரிடம் ரெக்கார்டிங் வசதியுள்ள டிடிஎச் பாக்ஸ் ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கினேன். 500 ஜிபி. விளம்பர நோட்டீஸில் ‘500 மணி நேர ரெக்கார்டிங்’ என்று போட்டிருந்தது. 150 மணி நேரத்துக்குள்ளேயே நிரம்பிவிட்டது. ரீசார்ஜ் நாலு நாள் தள்ளிப்போனால் பழைய பதிவுகள்கூடத் திறப்பதில்லை. ஜூன் 8-ஆம் தேதி என் மகள் கலந்துகொண்ட பரதநாட்டியப் போட்டி ஒரு சேனலில் வந்தது. அதையும் இதில்தான் பதிந்து வைத்திருந்தேன். ஆகஸ்ட் 2-ஆம் தேதி பாக்ஸ் நின்றுபோனது. டெக்னீஷியன் வந்து வேறு பாக்ஸை மாட்டிவிட்டுப் பழையதை எடுத்துப் போய்விட்டார். பதிவுகளைக் கேட்டால், ‘அது போனது போனதுதான்மா’ என்கிறார். வழக்குப் போட்டால், டிவி நிகழ்ச்சியைப் பதிந்ததே தப்பு என்று என் மேலேயே திருப்பிவிடுவார்களா? அடுத்து வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது?
வாசகி, நாகர்கோவில்

பதில்: சகோதரி, வழக்கைப் பற்றிப் பிறகு பேசுவோம். இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இரண்டு இருக்கிறது.

ஒன்று, உங்கள் மகளின் நடனம். ஒளிபரப்பிய நிகழ்ச்சிகளை 90 நாள் வரை சேனல்கள் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறை. ஜூன் 8-லிருந்து எண்ணினால் செப்டம்பர் 6-ஆம் தேதியோடு அது முடிகிறது. நேயர் கேட்டால் பிரதி கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்த நெறிமுறை சொல்லவில்லை. ஆனாலும் தன் மேடையில் ஆடிய குழந்தையின் தாய் கேட்கும்போது மறுக்க யாருக்கும் மனம் வராது என்றே நம்புகிறேன். மகளின் பெயர், ஒளிபரப்பான நாள், நேரம், சுற்று எல்லாவற்றையும் எழுதிச் சேனலுக்கும் நிகழ்ச்சியைத் தயாரித்தவர்களுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். சேனலில் அழிந்துபோனாலும் தயாரிப்பாளரிடம் மூலப்பதிவு இருக்க வாய்ப்புண்டு.

இரண்டு, பழைய பாக்ஸ். அது பழுது நீக்கும் மையத்துக்குப் போய் ஹார்டு டிஸ்க் அழிக்கப்பட்டுவிட்டால் கதை முடிந்தது. பாக்ஸ் வந்த அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள சீரியல் நம்பரைக் குறிப்பிட்டு, ‘இந்த பாக்ஸை அழிக்கவோ வேறு யாருக்கும் கொடுக்கவோ கூடாது, இது என் புகாருக்கான சாட்சியம்’ என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் எழுதுங்கள். அதற்குப் பிறகும் அழித்தால், அதுவே நுகர்வோர் ஆணையத்தில் அவர்களுக்கு எதிராகப் பேசும்.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். வீட்டில் பார்ப்பதற்காகப் பதிவு செய்தது குற்றமே இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 39, பதிவு செய்தவர் தன் சொந்தப் பயனுக்காக எடுத்த பதிவு ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகாது என்று தெளிவாகவே சொல்கிறது. அமெரிக்காவில் வீடியோ கேசட் காலத்தில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 1984 ஜனவரியில், ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், பிறகு பார்ப்பதற்காகப் பதிவதில் தவறில்லை என்று தீர்ப்பாயிற்று. நமக்கு அந்த இழுபறி இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவை யூடியூபில் ஏற்றுவதும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவதும் வேறு கதை. ஆடியது உங்கள் மகளே என்றாலும் ஒளிபரப்பு சேனலுடையது. சேனலிடம் பிரதி கேட்கும்போதே, இணையத்தில் பகிர அனுமதியும் சேர்த்து எழுத்தில் வாங்கிவிடுங்கள். ‘பதிவில் போட்டிருக்கும் லாக்கை உடைத்து எடுத்துத் தருகிறேன்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பூட்டை உடைப்பது பற்றி அதே சட்டத்தில் பிரிவு 65ஏ தனியாக இருக்கிறது. உங்களுக்கு அந்தத் தலைவலி வேண்டாம்.

இனி உங்கள் மூன்று குறைகள். மூன்றுக்கும் ஒரே பலம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மிக வலுவானது, ‘500 மணி நேரம்’. கணக்கைப் பாருங்கள். எச்டி சேனல் ஒன்று நொடிக்கு 6 முதல் 8 மெகாபிட் என்ற அளவில் வந்தால், ஒரு மணி நேரத்துக்கு 2.7 முதல் 3.6 ஜிபி வரை பிடிக்கும். 500 ஜிபியில் சுமார் 140 முதல் 185 மணி நேரம்தான் அடங்கும். டிஸ்கில் ஒரு பகுதியை நிறுவனம் தனக்கென்று ஒதுக்கியிருந்தால் இன்னும் குறையும். எஸ்டி, அதாவது சாதாரணத் தரச் சேனல், 2 மெகாபிட்டில் வந்தால் மட்டுமே 500 மணி நேரத்தைத் தாண்டும். அதாவது, யாரும் எச்டி பார்க்காத வீட்டில்தான் அந்த நோட்டீஸ் உண்மை. இதை மறைத்து விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம், நியாயமற்ற வணிக நடைமுறை. அந்த நோட்டீஸைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மூலையில் பொடி எழுத்தில் நட்சத்திரக் குறியோடு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள், எதிர்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் தேடுவார்.

அடுத்தது, பழைய பாக்ஸை எடுத்துப் போனது. வாரண்டி காலத்தில் பாக்ஸை மாற்றுவது தவறில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பதிவுகள் திரும்ப வராது என்பதை முன்னால் சொல்லியிருக்க வேண்டும். நுகர்வோர் தெரிந்துகொள்ள வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான் என்கிறது பிரிவு 2(11). ‘பதிவுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்ற ஒரு வரி அவர்களுடைய நிபந்தனைகளில் பெரும்பாலும் இருக்கும். அதனால் அழிந்த பதிவுக்கென்று பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள். மன உளைச்சலுக்கு ஓரளவு இழப்பீடு, வழக்குச் செலவு, பாக்ஸின் விலை அல்லது சொன்ன திறனுள்ள பாக்ஸ் என்று கேட்பதே நடைமுறைக்கு ஒத்து வரும்.

ரீசார்ஜ் தீர்ந்தால் பதிவு திறக்காதது மூன்றில் பலவீனமானது. கட்டண சேனல்களின் பதிவுகள் பூட்டப்பட்டே சேமிக்கப்படுகின்றன. பல நிறுவனங்களில் அந்தப் பூட்டின் சாவி சந்தாவோடு கட்டப்பட்டிருக்கிறது. ‘ரீசார்ஜ் இல்லாவிட்டாலும் பார்க்கலாம்’ என்று டீலர் சொன்னதற்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தாலும் இந்தக் குறையும் எழுந்து நிற்கும். தேடிப் பாருங்கள்.

டீலர் கொடுத்தது முறையான பில்லா, வெள்ளைத்தாளில் எழுதிய எஸ்டிமேட்டா? நீங்கள் எழுதவில்லை. எஸ்டிமேட் என்றாலும் பதற வேண்டாம், பில் கொடுக்காததே பிரிவு 2(47)-இன்படி இன்னொரு நியாயமற்ற வணிக நடைமுறை. பணம் போனதற்கு வங்கிக் கணக்கு விவரம் போதும்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். பல வேளைகளில் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. தீராவிட்டால், 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ். அப்புறம் நாகர்கோவிலிலேயே உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. பொருளுக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். டீலர், நிறுவனம் இருவரையும் சேருங்கள். ஒருவரைவிட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டுவார்.

‘இது டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விவகாரம், இங்கே வழக்கு நிற்காது’ என்று நிறுவனத்தார் எழுதிக் கொடுப்பார்கள். பயப்படாதீர்கள். தனி நுகர்வோரின் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்கும் அது போகாது என்று டிராய் சட்டத்தின் பிரிவு 14-லேயே இருக்கிறது. தொலைபேசி வழக்குகளில் இதேபோல் எழுந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் ஏற்கவில்லை.

புதிய பாக்ஸ் பற்றிக் கேட்டீர்கள். ஜிபியைப் பார்த்து வாங்காதீர்கள், கேள்வி கேட்டு வாங்குங்கள். எச்டியில் எத்தனை மணி நேரம் பிடிக்கும்? ரீசார்ஜ் நின்றால் பழைய பதிவு ஓடுமா? ரெக்கார்டிங்குக்கு மாதக் கட்டணம் தனியாக உண்டா? அம்மா ஒரு சேனல் பார்க்கும்போது இன்னொன்றைப் பதியுமா? பாக்ஸ் எனக்குச் சொந்தமா, வாடகையா? பழுதானால் பதிவுகள் என்ன ஆகும்? தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ்ஷில் பூட்டில்லாமல் வரும் சேனல்களே போதும் என்றால், பென் டிரைவில் பதியும் சாதாரண பாக்ஸ்கள் கிடைக்கின்றன. அந்தப் பதிவைக் கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்க்கலாம். டிவியிலேயே பதியும் வசதி இருந்தால் ஜாக்கிரதை, பல டிவிகளில் பதிந்தது அந்த ஒரு டிவியில் மட்டுமே ஓடும்.

இந்தக் கேள்விகளைக் கடையில் வாயால் கேட்காமல் டீலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பதில் வந்த பிறகு பணம் கொடுங்கள். அந்த உரையாடல் இருக்கும் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம்; ஆணையத்தில் மின்னணு ஆவணத்தைக் கொடுக்கும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63 சான்றிதழையும் சேர்த்துவிட்டால் ஆட்சேபணைக்கு இடமிருக்காது. மகளின் நிகழ்ச்சிக்கான மின்னஞ்சலை மட்டும் இன்று டியூட்டிக்குக் கிளம்புமுன் அனுப்பிவிடுங்கள்.