அழகிப் போட்டியில் பட்டம் வாங்கும் பெண்கள் செய்யும் சமூக சேவை எல்லாம் போட்டோவுக்குத்தானே?

ஆமாம், போட்டோவுக்குத்தான். அதில் என்ன ஒளிவுமறைவு?

இந்தக் கேள்வியை இந்தத் தொனியில் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் வீட்டில் தங்கையோ மகளோ ஆடிஷனுக்குப் போகிறேன் என்று நிற்கிறாள், தடுப்பதற்கு ஒரு காரணம் தேடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சும்மா பொழுதுபோகாமல் கேட்டிருந்தால் மேலே உள்ள ஒரு வரியே போதும், நீங்கள் போகலாம்.

நான் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பஞ்சாயத்துப் பெயர் வேண்டாம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை தமிழ், அதற்கப்புறம் தட்டுத்தடுமாறி மலையாளம், கல்லூரி பொள்ளாச்சியில். சில வருஷங்களுக்கு முன் ஒரு போட்டியில் எனக்குப் பட்டம் கிடைத்தது. எந்தப் போட்டி என்று சொல்லப்போவதில்லை. 2018-ல் திருச்சிப் பெண் அனுகீர்த்தி வாஸ் மிஸ் இந்தியா ஆனாரே, அதற்கு நாலைந்து படி கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவுக் கட்டணம் கட்டித்தான் உள்ளேயே விடுவார்கள். 'இதெல்லாம் ஒரு பட்டமா' என்று கமென்ட் போடப்போகிறவர்கள் சிரமப்பட வேண்டாம், எங்கள் பெரியப்பா அதை மண்டபத்து வாசலிலேயே சொல்லிவிட்டார்.

சேவை என்கிற சமாச்சாரம் இந்தப் போட்டிகளுக்குள் எப்படி வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மிஸ் வேர்ல்டில் 'பியூட்டி வித் எ பர்ப்பஸ்' என்று ஒன்று இருக்கிறது. 1972-ல் ஜூலியா மோர்லி தொடங்கியது. போட்டிக்கு வரும் பெண் ஏதாவது ஒரு பொதுக்காரியத்தைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். 2017-ல் ஜெயித்த மானுஷி சில்லர் மாதவிடாய்ச் சுகாதாரத்தை எடுத்தார். 2025-ல் ஹைதராபாத்தில் ஜெயித்த தாய்லாந்துப் பெண் ஓபல் சுசாதா எடுத்தது மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு. பதினாறு வயதில் அவருக்கே மார்பில் இருந்த கட்டியை அறுவை செய்து எடுத்திருக்கிறார்கள், அதனால் அவர் பேசும்போது கேட்கத் தோன்றும். நம் பக்கம் விழுப்புரத்தில் நடக்கும் மிஸ் கூவாகத்தைப் பாருங்கள். கடைசிச் சுற்றில் திருநங்கைகளிடம் எச்.ஐ.வி. பற்றிக் கேள்வி கேட்பார்கள். மேடையிலேயே அந்தப் பேச்சு வந்துவிடுகிறது, அதற்கென்று தனியாக ஒரு ஆல்பம் தேவைப்படவில்லை.

பெரிய போட்டிகளில் இருப்பதைச் சின்னப் போட்டிகள் காப்பியடிக்கும். காப்பியடிக்கும்போது வேலையை விட்டுவிட்டுப் போட்டோவை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரி: பட்டம் வாங்கியவர்கள் மாதாமாதம் 'சேவைப் படங்கள்' அனுப்ப வேண்டும். முதல் மாதம் எல்லோரையும் ஒரு முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். காலை டிபன் முடிந்த நேரம். தாத்தாக்களை மறுபடியும் உட்கார வைத்து, இலை போட்டு, நாங்கள் சாஷ் (பட்டத்தின் பெயர் எழுதித் தோளில் குறுக்கே போடும் பட்டை) போட்டுக்கொண்டு வரிசையாகப் பரிமாறினோம். ஒரு தாத்தாவின் இலையில் வைத்த கேசரியை, வெளிச்சம் சரியில்லை என்று திரும்ப எடுத்து, திரும்ப வைத்து, திரும்ப எடுத்து... அவர் கடைசியில், "அம்மிணி, இதைத் திங்கலாமா, இன்னும் படம் இருக்கா?" என்று கேட்டார். கேமராக்காரர் சிரித்தார். எனக்கு இன்றைக்கும் அவர் முகம் நினைவிருக்கிறது, கேசரியின் நிறமும் நினைவிருக்கிறது.

இதற்காக அந்தப் பெண்களைத் திட்டாதீர்கள். அங்கே யாரும் தன் இஷ்டத்துக்கு நிற்கவில்லை. 1966-ல் மிஸ் வேர்ல்ட் ஆன ரீட்டா ஃபாரியா அப்போது மெடிக்கல் மாணவி. அவரைக் கொண்டுபோய் அமெரிக்கக் காமெடி நடிகர் பாப் ஹோப்போடு வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் முன்னால் நிறுத்தினார்கள், இங்கே அதற்காக அவர்தான் ஏச்சு வாங்கினார். வருஷம் முடிந்ததும் அவர் படிப்புக்குத் திரும்பி டாக்டராகிவிட்டார். பட்டம் வாங்கிய வருஷத்தில் எங்கே நிற்பது, யாரோடு நிற்பது என்பதை ஒப்பந்தம்தான் முடிவு செய்கிறது.

இரண்டாவது மாதம் நான் அவர்களோடு போகவில்லை. எங்கள் அத்தை ஆஷா ஒர்க்கர், அதாவது ஊருக்குள் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர். "படம்தானே வேணும், எங்க பஞ்சாயத்து வண்டியில வா, வேலையும் ஆகும்" என்றார். அப்படித்தான் பாலியேட்டிவ் ஹோம் கேரில், அதாவது தீராத நோயில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து வலியைக் குறைக்கும் வேலையில், போய் ஏறினேன்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். கேரளாவில் 2008-ல் பாலியேட்டிவ் கேருக்கென்று அரசே கொள்கை அறிவித்தது. அதற்கு முன்பே மலப்புறம் பக்கம் ஊர்க்காரர்களே சேர்ந்து வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். இன்றைக்குப் பஞ்சாயத்துக்கு ஒரு நர்ஸ், ஒரு வண்டி, கூட ஆஷா ஒர்க்கர், வாலண்டியர்கள். பக்கவாதம் வந்து படுத்தவர்கள், கேன்சர்காரர்கள், பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள். கள்ளிறக்கும் ஊர், அதனால் எங்கள் பக்கம் அதுவும் உண்டு. வீட்டுக்கே போய்க் கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்றுவது, படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டுவது, மூக்குக் குழாய் சரிபார்ப்பது, பார்த்துக்கொள்பவர்களோடு உட்கார்ந்து பேசுவது.

சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாஷ் வண்டியிலயே இருக்கட்டும். போன் பைக்குள்ள. நோயாளி முகம் ஒரு படத்துல வந்தாலும் அடுத்த தடவை நீ வண்டி ஏற முடியாது." அப்படியானால் எதைப் படம் எடுப்பது என்று கேட்டேன். "வண்டியை எடு" என்றார். என் ஆல்பம் முழுக்க அந்த வெள்ளை ஜீப்தான். போட்டி நடத்தியவர்கள் அதை எங்கேயும் போடவில்லை, அது அவர்கள் பாடு.

நான் அங்கே பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. புண்ணைத் தொடுவதற்கெல்லாம் பயிற்சி வேண்டும், விடமாட்டார்கள். டிரே பிடிப்பேன், ரெஜிஸ்டர் எழுதுவேன், தண்ணீர் சுட வைப்பேன். ஒரு ஆத்தா மட்டும் நான் கிரீடம் வாங்கினவள் என்று யாரோ சொல்லக் கேட்டு, அதைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி அடம்பிடித்தார். அடுத்த முறை கொண்டுபோனேன். தடவிப் பார்த்துவிட்டு, "கவரிங்கா?" என்றார். ஆமாம் என்றேன். "அதான் கனமில்லை. செரி, போட்டுவுடு" என்று தலையை நீட்டினார். போட்டுவிட்டேன். படம் எடு என்றார். சிஸ்டரைப் பார்த்தேன். ஆத்தா, "அவகிட்ட என்ன கேக்கற, தலை என்னுது" என்றார். அந்தப் படம் அவர் மருமகள் போனில்தான் எடுத்தது, அங்கேயேதான் இருக்கிறது. கேட்காதீர்கள், தரமாட்டேன்.

என்னால் உருப்படியாக நடந்த காரியம் ஃபார்ம் நிரப்பியதுதான். சிரிக்காதீர்கள்.

'ஆஸ்வாசகிரணம்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாதம் 600 ரூபாய். வேலைக்குப் போகாமல் மாமியாருக்குக் கக்கூஸ் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மருமகளுக்கு அந்த 600 பெரிய காசு. ஆனால் ஃபார்ம் மலையாளத்தில். ஆத்தாவின் மருமகள் அந்தப் பக்கம் எருத்தேம்பதிக்காரி, தமிழைத் தவிர ஒரு எழுத்துத் தெரியாது. ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி எடுத்துப் போனார். ஒரு அலுவலகத்தில் அதைக் கையில்கூட வாங்காமல், மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் கேள்வியை விட்டு வெளியே போகிறேன், மன்னிக்கவும். மொழிச் சிறுபான்மையினர் பகுதி என்று அறிவித்த இடங்களில், அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம் என்று கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது. சித்தூர் தாலுகா அப்படிப்பட்ட பகுதிதான். ஆனால் கவுண்டருக்கு உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் தமிழ் படிக்கத் தெரியாது. 1956-ல் மாநில எல்லைக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள், இன்னும் நாங்கள் ஃபார்ம் எழுத ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். போட்டியில் கேள்விச் சுற்றில் என் மலையாளத்தைக் கேட்டு முன் வரிசையில் ஒருவன் 'பாண்டி' என்றான், தமிழர்களை அங்கே கேலியாகச் சொல்லும் பேர். பொள்ளாச்சி ஹாஸ்டலில் அதே நான் 'மலையாளத்துக்காரி'. சாப்பாட்டில் தேங்காய் எண்ணெய் வாசம் வருகிறது என்று கிண்டல், எங்கள் வீட்டில் கடலை எண்ணெய் தவிர வேறு எதிலும் தாளித்ததே கிடையாது. சரி, விடுங்கள். இதற்குத் தனிக் கேள்வி யாராவது போட்டால் அங்கே வந்து அழுகிறேன்.

ஆத்தாவின் மருமகள், அந்த அக்காவோடு மறுபடி அந்த அலுவலகத்துக்கு நானும் போனேன். ஃபார்மை நான் மலையாளத்தில் நிரப்பியிருந்தேன், டாக்டர் சர்ட்டிஃபிகேட், ரேஷன் கார்டு காப்பி, எல்லாம் சரி. "கொஞ்சம் கழிச்சு வாங்க" என்றார்கள். சுவரோரம் நின்றோம். அப்போது உள்ளேயிருந்து வந்த ஒருவர் என்னைப் பார்த்து, பேப்பரில் வந்த குட்டிதானே என்று கேட்டார். உள்ளூர்ப் பக்கத்தில் என் படம் வந்திருந்தது, சாஷும் கிரீடமுமாக. அவ்வளவுதான். ஒரு நாற்காலி வந்தது. டீ வேண்டுமா என்றார்கள். ஃபார்ம் அந்த நிமிஷமே உள்ளே போய்ச் சீல் விழுந்து வெளியே வந்தது. நாற்காலி ஒன்றுதான் போட்டார்கள், எனக்கு. மூட்டு வலியோடு வந்திருந்த அக்கா நின்றுகொண்டேதான் இருந்தார். நான் அவரை உட்கார வைத்தேன், அதற்கு ஒரு முறைப்பு கிடைத்தது.

கேள்வி கேட்டவரே, உங்களுக்கு என் பதில் இதுதான். படம் வந்ததால் காரியம் நடந்தது. படம் வராத பெண்ணுக்கு நடக்கவில்லை. நீங்கள் கோபப்பட வேண்டுமென்றால் சாஷ் போட்டு நின்ற பெண்ணைப் பார்த்துக் கோபப்படாதீர்கள், அந்தப் படத்தைப் பார்த்தால்தான் நாற்காலி போடும் ஆட்களைப் பார்த்துக் கோபப்படுங்கள்.

'சேவை செய்கிறவள் விளம்பரம் தேட மாட்டாள்' என்று ஒருவர் வருவார், எனக்குத் தெரியும். ஐயா, எங்கள் தாலுகாவில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. 2002-ல் மயிலம்மா என்ற ஆதிவாசிப் பெண் ஊர்க்காரர்களைத் திரட்டிக்கொண்டு கோக்கோகோலா ஆலை முன்னால் உட்கார்ந்தார், கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போனதற்காக. 2004-ல் ஆலை மூடியது. உலகத்துக் கேமரா எல்லாம் அந்தப் பந்தலுக்கு வந்தது. கேமரா வேண்டாம் என்று அவர் திருப்பி அனுப்பவில்லை. என்னை மயிலம்மாவோடு ஒப்பிடுகிறேன் என்று திரிக்க வேண்டாம், அவர் கால் தூசிக்கு நான் ஆக மாட்டேன். படம் எடுத்தாலே அது போலி என்ற வாதத்துக்கு மட்டும்தான் இந்தப் பதில்.

யாரைப் படம் எடுக்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். கேசரி இலையில் தாத்தா முகம் இருந்தால் அது கேவலம். ஜீப் இருந்தால் பரவாயில்லை.

ஜனவரி 15 கேரளாவில் பாலியேட்டிவ் தினம், அன்றைக்கு வாலண்டியர்கள் பக்கெட் ஏந்தி வசூலுக்கு நிற்பார்கள். வாட்டர் பெட், பெரியவர்களுக்கான டயப்பர், இதற்கெல்லாம் பஞ்சாயத்துக் காசு போதாது. போன முறை சிஸ்டரே கூப்பிட்டுச் சொன்னார், "இன்னிக்கு சாஷைப் போட்டுட்டு வா." பஸ் ஸ்டாண்டில் நின்றேன். செல்ஃபி கேட்டவர்களிடம் முதலில் பக்கெட்டை நீட்டினேன். பத்து ரூபாய் போட்டுவிட்டு மூன்று செல்ஃபி எடுத்த ஆளும் உண்டு, ஒன்றும் போடாமல் 'வீட்டில் அம்மா அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார்களா' என்று கேட்டுவிட்டுப் போன மாமாவும் உண்டு.

உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். போகட்டும் விடுங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை நீங்களும் ஒரு முறை வாசியுங்கள். பதிவுக் கட்டணம் போக வேறு என்ன பிடுங்குவார்கள், டிரஸ் வாடகை யார் தலையில், மேக்கப்புக்கு அவர்கள் சொல்லும் ஆளிடம்தான் போக வேண்டுமா, டிக்கெட் விற்றுத் தரச் சொல்வார்களா, 'சேவைப் படம்' என்றால் என்ன அர்த்தத்தில் கேட்கிறார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். என் தலையில் ஒரு கட்டு டிக்கெட்டைக் கட்டினார்கள், விற்காததற்கு என் அப்பாதான் காசு கட்டினார். பெரியப்பா அதில் நாலு டிக்கெட் வாங்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு போன் போட்டுச் சண்டைக்கு வருவார்.