அந்தத் துறவி ஏன் சும்மா நிற்கிறார்?

கேள்வி: ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக் வரைந்த ‘கடலோரத் துறவி’ படத்தைப் பார்த்தேன். துறவியின் முகம் சரியாகத் தெரியவில்லை. அவர் அழவில்லை, மண்டியிடவில்லை, சும்மா நிற்கிறார். ஆனாலும் மனசு பாரமாகிவிட்டது. ஒன்றுமே இல்லாத படத்தில் இவ்வளவு உணர்ச்சி எங்கிருந்து வருகிறது?

பதில்: அந்த ‘ஒன்றுமே இல்லாத’திலிருந்துதான். அது தானாக அமையவில்லை, ஓவியர் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. 1808-லிருந்து 1810 வரை இந்தப் படத்தில் மாற்றங்கள் செய்துகொண்டே இருந்தார். முதலில் கடலில் கப்பல்கள் இருந்தன. அகச்சிவப்புக் கதிர் கொண்டு ஆராய்ந்தபோது அவற்றின் கோடுகள் வண்ணத்துக்கு அடியில் தெரியவந்தன. அவற்றை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யாரையோ வழியனுப்ப வந்திருக்கிறார், அல்லது யாருக்கோ காத்திருக்கிறார் என்று நாமே ஒரு கதையைக் கட்டி நிம்மதியாகியிருப்போம். கப்பலோடு அந்தக் கதையும் போய்விட்டது, இனி அந்த மனிதர் எதற்காக நிற்கிறார் என்று சொல்ல படத்தில் யாரும் இல்லை.

அப்புறம், ஓரங்களைப் பாருங்கள். அந்தக் காலத்து நிலக்காட்சிகளில் பக்கவாட்டில் ஒரு மரமோ பாறையோ நின்று நம் கண்ணை உள்ளே அழைத்துப் போகும். இங்கே அதுவும் கிடையாது. அடிவானம் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை தடையில்லாமல் ஓடுகிறது, முக்கால்வாசிக்கு மேல் வானம், கீழே கறுத்த கடலும் வெளிறிய மணலும் இரண்டு பட்டைகளாக. இத்தனைக்கும் நடுவே நிமிர்ந்து நிற்பது அந்தச் சிறிய உருவம் ஒன்றுதான். 1810-ல் பெர்லினில் இதைப் பார்த்துவிட்டு, கண்ணிமைகளை அறுத்தெடுத்துவிட்டது போல இருக்கிறது என்று எழுதினார் எழுத்தாளர் க்ளைஸ்ட். கொடூரமான உவமைதான், ஆனால் இந்தப் படத்தைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

கைபேசியில் பார்த்திருந்தால் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள். அசல் 110 செ.மீ. உயரம், 171.5 செ.மீ. அகலம், பெர்லினில் ஆல்டே நேஷனல்கேலரி என்ற அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: சிறுவயதில் தம்பி நீரில் மூழ்கி இறந்ததால்தான் ஃப்ரீட்ரிக் இப்படி வரைந்தார் என்கிறார்களே?

பதில்: இறந்தது உண்மை. 1787-ல், ஃப்ரீட்ரிக்குக்கு 13 வயது. அதற்கு முன்பே, 1781-லேயே, அம்மாவையும் இழந்திருந்தார். பால்டிக் கடலோர ஊரான க்ரைஃப்ஸ்வால்டில் பிறந்தவர் என்பதால் கடலும் அவருக்குப் புதிதில்லை. இதெல்லாம் அவர் மனசுக்குள் இருந்திருக்கும், சரி. ஆனால் அந்த ஒரு மரணத்துக்குள் படத்தை அடைத்துவிடாதீர்கள். துறவிக்கு என்ன துக்கம் என்று ஓவியர் சொல்லவில்லை, அதனால்தான் யாருடைய துக்கமும் அங்கே போய் நிற்க முடிகிறது. 1810-ல் இதை விலைக்கு வாங்கியவர், அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர். வாங்கச் சொல்லித் தூண்டியவர் அவருடைய மகன், 15 வயது பட்டத்து இளவரசர். அந்த இளவரசரின் தாய், அரசி லூயிசே, அந்த ஆண்டு ஜூலையில்தான் இறந்திருந்தார்.