பிக்கப்பில் டேஷ்கேம்: குளிர்காலத்தில் மஞ்சள் வயரை எங்கே செருகுவது?

தம்பி, நீ கேட்டது இவ்வளவுதான்: கனடாவில், எட்மண்டனில் முதல் குளிர்காலம், பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வாங்கியிருக்கிறாய், டேஷ்கேம் லைட்டர் சாக்கெட்டில் ஓடுகிறது, வண்டியை அணைத்தால் அதுவும் அணைந்துவிடுகிறது. ஃப்யூஸ் பெட்டியிலிருந்தே லைன் எடுக்கலாமா, இல்லை கடையில் கேட்கும் நூற்றைம்பது டாலரைக் கொடுத்துவிடலாமா? ஃப்யூஸ் பெட்டியிலிருந்து கேமராவுக்கு லைன் கொடுக்கும் வயரிங் கிட்டை அப்பா மன்னார்குடியில் வாங்கி என்னிடம் கொடுத்தனுப்பட்டுமா என்றும் கேட்டிருந்தாய். பொங்கலுக்கு நீடாமங்கலம் வந்திருக்கிறேன், அதனால்தான் பதில் தாமதம்.

நீயே செய்யலாம், அரை நாள் வேலை. வயரிங் சுலபம். ஜனவரியில் பேட்டரியைக் காப்பாற்றுவதுதான் பாடு.

ஆனால் ஊர் முறையில் செய்யாதே. எங்கள் தெருவில் நெல் மூட்டை ஏற்றும் பொலேரோ பிக்கப் ஒன்றுக்கு நேற்றுதான் கேமரா மாட்டினார்கள். எலக்ட்ரீஷியன் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டார், சாவி போட்டால் கரன்ட் வரும் வயர் ஒன்றைப் பிடித்தார், பல்லாலேயே தோலை உரித்து முறுக்கி டேப் சுற்றிவிட்டு எழுந்துவிட்டார். கேமரா ஓடுகிறது, ஓனருக்கும் திருப்தி. உன் வண்டியில் அதே இடத்தில் ஏர்பேக் வயரும் கம்ப்யூட்டர் வயரும் சேர்ந்து ஓடும். ஒன்றையும் சுரண்டக் கூடாது. ஃப்யூஸ் இருக்கும் இடத்திலேயே செருகி லைன் எடுக்க ஒரு சின்ன சாமான் இருக்கிறது, கடையில் ஆட்-எ-சர்க்யூட் என்று கேள். அதில் பழைய ஃப்யூஸுக்கு ஒரு குழி, கேமராவுக்கான புது ஃப்யூஸுக்கு ஒரு குழி இருக்கும். ஃப்யூஸில் பல அளவு உண்டு. மூன்று கால் வைத்ததும் இருக்கிறது, அதை விட்டுவிட்டு இரண்டு கால் ஃப்யூஸாகப் பார்த்துக் கழற்றிக் கையோடு கனேடியன் டயர் கடைக்கு எடுத்துப் போ.

ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாயே டெஸ்டர், அது இதற்கு உதவாது. அதற்குள் இருக்கும் நியான் பல்பு 12 வோல்ட்டுக்கு எரியவே எரியாது. அதை நம்பி எல்லா ஃப்யூஸும் செத்துக் கிடக்கிறது என்று நினைத்துவிடாதே. ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்.

2015-க்குப் பிந்தைய எஃப்-150 என்றால் உள் ஃப்யூஸ் பெட்டி பயணி பக்கம் கால் வைக்கும் இடத்தில், வலது ஓரத்தில் இருக்கும். நம் ஊரில் டிரைவர் உட்காரும் பக்கம். எந்த எண் எதற்கு என்பது வண்டியோடு வரும் புத்தகத்தில் இருக்கிறது. ஏர்பேக், பிரேக், ஸ்டியரிங், இன்ஜின் கம்ப்யூட்டர் ஆகியவற்றின் ஃப்யூஸ் பக்கம் போகாதே. பவர் விண்டோ, சாக்கெட் மாதிரி ஏதாவது போதும். சாவியை அணைத்த பிறகும் சிலவற்றில் கரன்ட் நிற்கும், கதவைத் திறந்தால்தான் போகும். ஃபோர்டில் அது வழக்கம், மீட்டரைச் சந்தேகப்படாதே.

ஆட்-எ-சர்க்யூட்டைச் செருகுவதிலும் திசை உண்டு. கேமராவுக்கான கிளை தலைமடைப் பக்கம் பிரிய வேண்டும், அதாவது கரன்ட் வரும் காலிலிருந்து, பழைய ஃப்யூஸுக்கு முன்னாலேயே. மாற்றிச் செருகினாலும் கேமரா ஓடும், ஆனால் அதன் சுமையும் பழைய ஃப்யூஸ் தலையில் ஏறும். கண்டுபிடிப்பது எளிது: பழைய ஃப்யூஸின் குழியைக் காலியாக விட்டு, புது ஃப்யூஸை மட்டும் போட்டுச் செருகிப் பார். வயரில் 12 வோல்ட் வந்தால் திசை சரி. வராவிட்டால் அப்படியே திருப்பிச் செருகு.

கிட்டில் மூன்று வயர். கறுப்பு, பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டுக்கு. பேட்டரி நெகட்டிவ் முனையில் நேரே மாட்டாதே. அங்கே பேட்டரியின் கரன்ட்டை அளக்கும் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும், அதற்குத் தெரியாமல் கரன்ட் போனால் அதன் கணக்கு தப்பும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஃப்யூஸுக்கு. மஞ்சள், எப்போதும் கரன்ட் இருக்கும் ஃப்யூஸுக்கு. வண்டியை அணைத்து நிறுத்திய பிறகும் கேமரா விழித்திருக்கும் பார்க்கிங் மோட் ஓடுவது மஞ்சளால்தான்.

சிக்கலும் மஞ்சளில்தான். பார்க்கிங் மோடில் கேமரா 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்று வை, ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர் மணி. உன் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 70 ஆம்பியர் மணி. ஒரு ராத்திரிக்கு ஒன்றும் ஆகாது. நான்கு நாள் ஏர்போர்ட்டில் விட்டுப் போனால் நாற்பது சதவீதம் காலி. கோடையில் அப்போதும் ஸ்டார்ட் ஆகலாம். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் இழுவை கிட்டத்தட்ட பாதியாகிவிடும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகிவிடும், அதைச் சுழற்ற இன்னும் அதிக பலம் வேண்டும். சுத்தமாக வடிந்த பேட்டரி மைனஸ் 10-லேயே உறைந்து வெடிப்பு விடக்கூடியது. வண்டி முன்பக்கம் தொங்குகிறதே ஒரு பிளக், பிளாக் ஹீட்டர், அது இன்ஜினைத்தான் சூடாக்கும், பேட்டரியை அல்ல.

கிட்டில் கட்-ஆஃப் வோல்டேஜ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், பேட்டரி அந்த வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கேமராவை நிறுத்திவிடும். நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 12.4 இருந்தால் அதில் வை. 11.8-ல் வைத்தால் கேமரா ராத்திரி முழுக்க விழித்திருக்கும், காலையில் வண்டி எழுந்திருக்காது.

நீ வீட்டுக்கும் வேலைக்கும் பத்து நிமிஷம்தான் ஓட்டுகிறாய். சீட் சூடு, கண்ணாடி சூடு எல்லாம் போட்டுக்கொண்டு அந்தப் பத்து நிமிஷத்தில் பேட்டரி நிறையாது. என்னைக் கேட்டால் இந்த வருஷம் பார்க்கிங் மோடே வேண்டாம். அதற்காக மஞ்சளை வெட்டிவிடாதே, பல கிட்டுகளில் கேமராவுக்குச் சாப்பாடே மஞ்சள் வழியாகத்தான், சிவப்பு வெறும் சைகை. சிவப்பு, மஞ்சள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, சாவி போட்டால் வரும் அந்த ஒரே ஃப்யூஸில் கொடுத்துவிடு. மே மாதம் மஞ்சளை மட்டும் பிரித்து மாற்றிக்கொள்ளலாம்.

வயர் இழுப்பதில் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு மேலே கூரைத் துணி ஓரத்தில் விரலால் தள்ளிக்கொண்டே போ. பக்கத்துத் தூணில் ஏர்பேக் என்று எழுதியிருக்கும், அதற்குக் குறுக்கே முன்னால் வயர் போகக் கூடாது, பின்னால்தான். குளிரில் பிளாஸ்டிக் கிளிப் படக்கென்று உடையும், சூடுள்ள கராஜ் யாரிடமாவது கேட்டு அங்கே செய். அப்புறம், டேஷ்போர்டில் பிள்ளையார் வைத்திருக்கிறாய் அல்லவா? வெயில் அடித்தால் கண்ணாடியில் அவர் நிழல் விழும், ரிக்கார்டிங்கில் எதிர் வண்டி நம்பருக்கு மேல் அவர்தான் தெரிவார். கொஞ்சம் ஓரமாக உட்கார வை.

கடைக்கு நூற்றைம்பது கொடுப்பதில் தப்பில்லை. கொடுத்தாலும் கட்-ஆஃப் எதில் வைத்திருக்கிறார்கள் என்று நீயே பார். அப்பா கிட் வாங்க வேண்டாம், ஃப்யூஸ் அளவு பொருந்தாவிட்டால் அலைச்சல். என் பெட்டியில் இரண்டு கிலோ இடம் இருக்கிறது, வடாமோ வத்தலோ கொடுத்தனுப்பச் சொல்.