ஜெர்மன் குடியுரிமையும் இந்தியப் பாஸ்போர்ட்டும் – கடிதம்

வணக்கம் ஐயா,

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். அடுத்த மாதம் வந்து சான்றிதழை வாங்கிக்கொள்ளும்படி கடிதம் வந்துவிட்டது. 2024-இல் சட்டம் மாறியதிலிருந்து, பழைய குடியுரிமையை விட்டுவிட்டு வா என்று ஜெர்மனி கேட்பதில்லை. அதனால் இங்கே நண்பர்கள் சிலர், "இந்தியத் தூதரகத்தில் எதையும் சொல்லாதே. சொன்னால்தானே தெரியும்? காலாவதி ஆகும்வரை இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்" என்கிறார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். பதிலே பேசவில்லை. மறுநாள் போன் செய்து, "அப்போ நிலத்தை உன் பேருக்கு எழுத முடியாதா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அவர் மனதில் இருந்த கேள்வி வேறு என்று எனக்குத் தெரியும். எனக்கே ஏதோ துரோகம் செய்வதுபோல உறுத்துகிறது. ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். நான் என்ன செய்யலாம்?

ப.

அன்புள்ள ப.,

நண்பர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஜெர்மனி நீக்கியது தன்னுடைய நிபந்தனையை. இந்தியாவின் நிபந்தனை அப்படியே இருக்கிறது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி, ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையைப் பெற்றால், பெற்றவுடனேயே அவர் இந்தியக் குடிமகனாக இருப்பது முடிந்துவிடுகிறது. அதற்கு நீங்கள் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், தூதரகம் முத்திரை குத்த வேண்டாம், யாருக்கும் தெரியவும் வேண்டாம். ஜெர்மன் சட்டமோ, சான்றிதழைக் கையில் கொடுக்கும்போதுதான் குடியுரிமை வருகிறது என்கிறது. ஆக, அடுத்த மாதம் அந்த அதிகாரி நீட்டும் தாளை நீங்கள் வாங்கும்போதே ஒன்று வருகிறது, இன்னொன்று போகிறது. அதன்பின் உங்களிடம் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் ஐந்து வருடம் மீதம் இருந்தாலும் அது செல்லாது. அதைக் காட்டிச் சென்னையில் இறங்கினால் சட்ட மீறல். பின்னால் ஓ.சி.ஐ. அட்டைக்கு, அதாவது வேறு நாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டைக்குப் போகும்போது ஜெர்மன் சான்றிதழின் தேதியும் பழைய பாஸ்போர்ட்டில் குத்தியிருக்கும் குடிநுழைவு முத்திரையின் தேதியும் ஒரே மேஜையில் இருக்கும். அபராதத்தோடு முடிந்தால் நல்லது.

அதனால் வைத்துக்கொள்வதா விடுவதா என்பது அடுத்த மாதத்துக்குப் பிறகு யோசிக்கிற விஷயமே கிடையாது. யோசிப்பதாக இருந்தால் இப்போதே யோசியுங்கள். வேண்டாம் என்றால் நிரந்தர வசிப்புரிமையோடு அங்கேயே காலம் தள்ளலாம், பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நாட்டவருக்கு ஜெர்மனியில் உள்ளாட்சித் தேர்தலில்கூட வாக்கு இல்லை. வரி கட்டுகிற ஊரில், மகள் படிக்கிற ஊரில், ஒன்றிலும் உங்களுக்குச் சொல் இல்லை. இந்தியாவில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலும் நேரில் வந்துதான் போட வேண்டும். இரண்டு பக்கமும் வாக்கு இல்லாமல் ஒரு ஆயுளைக் கழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

மகள் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நம் சட்டத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. 8-ஆவது பிரிவு, ஒருவர் தானே உறுதிமொழி எழுதிக் கொடுத்துக் குடியுரிமையைத் துறப்பது. அப்படித் துறந்தவரின் பிள்ளை, பதினெட்டு வயதான ஒரு வருடத்துக்குள் கேட்டால் இந்தியக் குடியுரிமையைத் திரும்பப் பெறலாம். 9-ஆவது பிரிவு, மேலே சொன்னதுபோல் தானாகவே போய்விடுவது. அதில் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெற்றோர் சிங்கப்பூர் குடியுரிமை பெற்றபோது தாயின் வயிற்றில் இருந்த ஒருவர், வளர்ந்தபின் தன்னை இந்தியக் குடிமகனாக ஏற்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அங்கே ஜெயித்தார். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. பெற்றோரின் குடியுரிமை 9-ஆவது பிரிவின்படி தானாகவே போனது, அவர்கள் துறக்கவில்லை, ஆகவே 8-ஆவது பிரிவின் சலுகை பிள்ளைக்குக் கிடையாது என்பதே காரணம். தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்குவதைத்தான் பலர் துறப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் அங்கே போவதற்கு முன்பே சட்டம் தன் வேலையை முடித்திருக்கும்.

இன்னொன்று, நீட். 2021 மார்ச்சில் வந்த அறிவிக்கையின்படி ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்கள் என்.ஆர்.ஐ. இடங்களுக்கு மட்டுமே போட்டியிடலாம். அதற்கு முன்பு அட்டை வாங்கியவர்களுக்குப் பழைய உரிமை தொடரும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் மகளும் ஜெர்மன் குடியுரிமை பெற்று இனிமேல் அட்டை வாங்கினால், அவளுக்கு அது பொருந்தாது. அவளை இங்கே மருத்துவம் படிக்க வைக்கும் எண்ணம் இருந்தால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர்களைப் பற்றி ஆராய்ந்த எல்.எம். சிங்வி தலைமையிலான அரசுக் குழு 2002-இலேயே இரட்டைக் குடியுரிமையைப் பரிந்துரைத்தது. கடைசியில் வந்தது ஓ.சி.ஐ. வாழ்நாள் விசா கிடைத்தது, வந்து போவது எளிதானது, அது பெரிய உதவிதான். ஆனால் வாக்கு இல்லை, பொதுவாக அரசு வேலை இல்லை, அரசு நினைத்தால் அட்டையை ரத்தும் செய்யலாம். பக்கத்தில் இலங்கை, விண்ணப்பித்துப் பெறும் இரட்டைக் குடியுரிமையை 1987 முதல் சட்டத்தில் வைத்திருக்கிறது. நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடுவதை மட்டும் 2015-இல் தடுத்தார்கள், 2020-இல் திறந்தார்கள், 2022-இல் மறுபடி தடுத்தார்கள். பதவி விஷயத்தில் ஒரு நாடு எச்சரிக்கையாக இருப்பதை நான் ஏற்கிறேன். அந்த ஒரு தடையைப் போட்டுவிட்டு, மற்றதைக் கொடுக்கலாம். பிறந்த மண்ணில் வாக்குப் போடும் உரிமையை, வெளியே பிழைக்கப் போனவரிடமிருந்து முழுதாகப் பிடுங்க வேண்டிய அவசியம் இந்தியாவுக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

துரோகம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். 1948-இல் இலங்கை கொண்டுவந்த சட்டத்தால் மலையகத் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தார்கள். அந்த மக்களை அழைத்து யாரும் பேசவில்லை. அப்படி இங்கே அனுப்பப்பட்டு, நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்களில் பலர் அதற்குமுன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. குடியுரிமை என்பது பிறர் வகுத்த கணக்காக வந்து விழுந்த மக்கள் அவர்கள். நீங்கள் உழைத்து, மொழி படித்து, பரீட்சை எழுதி, உங்கள் கையெழுத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். அதில் யாரை ஏமாற்றினீர்கள்?

இனி, அப்பாவின் கேள்வி. நிலம் பற்றி அவருக்கு நீங்கள் தெளிவான பதில் சொல்ல முடியும். வெளிநாட்டில் வாழும் நீங்கள், ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி ஏற்கெனவே விவசாய நிலம் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலும் இதே நிலைதான். ஆனால் வாரிசாகப் பெறலாம், குடியுரிமை மாறி ஓ.சி.ஐ. ஆன பிறகும் பெறலாம். பிறகு விற்பதென்றால் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க வேண்டும். நம் ஊரில் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்துவிடுவது வழக்கம். நஞ்சைக்கு அது வேண்டாம், தானக் கணக்கில் போய்விடும். உயில் எழுதச் சொல்லுங்கள், ஊரில் ஒரு நல்ல வக்கீலைக் கேட்டுக்கொண்டு. இதைப் போனில் சொல்லாதீர்கள். நேரில் போய் உட்கார்ந்து சொல்லுங்கள், அவர் கேட்காமல் விட்டதையும் அப்போது கேட்பார்.

போகும் நாளை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் வாங்குவதற்கு முன்பு என்றால் இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே போய் வரலாம். பிறகு என்றால் ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்து, இந்தியப் பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கி, அதற்குப்பின்தான் ஓ.சி.ஐ. விண்ணப்பம். அது வர நாளாகும். அதற்குள் பொங்கல் வந்துவிட்டால் இ-விசா எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்