டிக்கெட்டில் 10 மணி நேரம், பயணத்தில் எத்தனை?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக ஜூன் மாதம் லண்டன் போகிறேன். இதுதான் முதல் விமானப் பயணம். திருவனந்தபுரத்தில் அதிகாலை 4.30-க்கு ஏறி, துபாயில் மாறி, பகல் 2.30-க்கு லண்டன் என்று டிக்கெட்டில் இருக்கிறது. 10 மணி நேரம்தானே? மகள் பதினாலரை என்கிறாள். வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? எனக்குச் சர்க்கரை உண்டு.
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: மகள் சொல்வதுதான் சரி. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். ஜூனில் லண்டன் கடிகாரம் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் ஓடும்; குளிர்காலத்தில் ஐந்தரை. அங்கே பகல் 2.30 ஆகும்போது மார்த்தாண்டத்தில் இரவு 7 மணி, விளக்கு வைத்திருப்பார்கள். அதிகாலை 4.30-லிருந்து எண்ணினால் பதினாலரை வந்துவிடும்.

இனி தூரம். திருவனந்தபுரத்திலிருந்து லண்டன் நேர்க்கோட்டில் சுமார் 8,400 கி.மீ. துபாய் வரை 2,950, அங்கிருந்து 5,500. கூட்டிப் பாருங்கள், துபாயில் இறங்குவதால் கூடுவது 50 கி.மீ. போலத்தான். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது வளைகுடாப் பக்கமாகவே போகும். 'சுற்றிக்கொண்டு போகிறோமோ' என்று மனம் சங்கடப்பட வேண்டாம். நேரம் போவது துபாயில் காத்திருக்கும் 3 மணி நேரத்தில்தான்.

நேரத்துக்கு நான் போடும் கணக்கு: கி.மீ.யை 850-ஆல் வகுத்து, ஓடுபாதைக்கும் ஏறி இறங்கவும் அரை மணி கூட்டுவேன். துபாய்க்கு 4 மணி, அங்கிருந்து லண்டனுக்கு 7. ஆனால் 10 கி.மீ. உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசும். எதிர்க்காற்றில் போவதால் 7 என்பது ஏழரை ஆகும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், சீக்கிரம் வந்துவிடலாம்.

சரி, வீட்டுக் கணக்கு. விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னால், அதாவது 1.30-க்கு அங்கே நிற்க வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து 40 கி.மீ.தான், ஆனால் களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை வரை இரவில் ஒரு கனிம லாரி முன்னால் மாட்டினால் போதும், நகர முடியாது. 11.30-க்கே கிளம்பிவிடுங்கள். டிரைவரிடம் 'சாக்கை பக்கம், டெர்மினல் 2' என்று சொல்லுங்கள். உள்நாட்டு டெர்மினல் சங்குமுகம் பக்கம் இருக்கிறது. அங்கே போய்விட்டால் ஓடுபாதையைச் சுற்றி வர வேண்டும். பத்மநாபசுவாமி கோவில் ஆராட்டு ஊர்வலம் அந்த ஓடுபாதை வழியாகவே போவதால் பங்குனியிலும் ஐப்பசியிலும் அன்று சில மணி நேரம் விமானம் கிடையாது. திரும்பி வருவது ஐப்பசியில் என்றால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவுன்டரில் பெட்டிக்கு லண்டன் வரை டேக் போட்டாயிற்றா என்று கேளுங்கள். போர்டிங் பாஸ் இரண்டும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். துபாயில் நடை அதிகம். சக்கர நாற்காலி வேண்டுமென்று இப்போதே மகளைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

மாத்திரை, மருந்துச் சீட்டு, இன்சுலின் இருந்தால் அதுவும் கைப்பையில்தான். பெட்டியில் போடாதீர்கள். எந்த வேளை எதைச் சாப்பிடுவது என்று உங்கள் டாக்டரிடம் முன்னாலேயே எழுதி வாங்குங்கள். கைக்கடிகாரத்தை லண்டன் போய்ச் சேரும் வரை மாற்றாதீர்கள். அது மார்த்தாண்டம் நேரத்தையே காட்டட்டும். துபாயில் சுவர்க் கடிகாரம் ஒன்பது என்று காட்டும்போது உங்கள் கையில் பத்தரை இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த மணியைக் கையில் உள்ளதோடு சேர்த்துப் பாருங்கள்.